பட்டும் கண்டாங்கியும்

அம்பாளுக்குச் சிவப்புப் பட்டும் பெருமாளுக்குப் பீதாம்பரமும் சாத்தி வழிபடுவது நம் மரபு. காரைக்குடி கொப்புடைய நாயகியம்மனின் அருள் சூழ்ந்த செட்டிநாட்டு இல்லங்களில், திருமணமானாலும் சாந்தி ஆனாலும் பட்டாடைக்கே முதலிடம்.

பட்டு என்று பொதுவாகச் சொன்னாலும், ஊருக்கு ஊர் அதன் அழகு வேறுபடும். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் ஊடையோட்டி, 'கோர்வை' என்னும் முறையால் தறியிலேயே இணைப்பார்கள். சரபேசுவரர் அருள்பாலிக்கும் திருபுவனத்தில், நெய்த சேலையை விசிறிபோல மடித்து வைப்பது தனி வழக்கம். ஆரணிப் பட்டோ கனம் குறைந்தது; முதியோர் உடுத்த இதமானது.

இத்தனை அழகுக்கும் மூலம் ஒரு சிறு புழு. முசுக்கொட்டை இலையை உண்டு வளர்ந்து, தன்னைச் சுற்றித் தானே கூடு கட்டிக்கொள்கிறது. அந்துப்பூச்சியாகி வெளியேறினால் கூடு துளைபட்டு இழை அறுந்துவிடும். ஆகவே, அதற்கு முன்பே கூடுகளை வெப்பத்தில் இட்டு, பின் வெந்நீரில் இளக்கி நூல் எடுக்கிறார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் தேவை.

பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சியிலேயே வாழ்ந்த மகா பெரியவர், இந்த உயிர்க்கொலையை எண்ணியே பட்டைத் தவிர்க்குமாறு பக்தர்களைக் கேட்டுக்கொண்டார். ஏழைப் பெற்றோரைக் கல்யாணப் பட்டின் செலவு வாட்டுவதும் அவர் மனத்தை உறுத்தியது.

அவ்வாக்கைப் போற்ற விரும்புவோருக்கு வழிகள் உண்டு. பூச்சி வெளியேறிய பிறகு, எஞ்சிய கூட்டிலிருந்து நூற்கும் 'அகிம்சைப் பட்டு' இன்று கிடைக்கிறது. அசாமின் எரிப்பட்டுக் கூடு ஒருபுறம் திறந்தே இருப்பதால், பூச்சி பறந்துபோன பின்னும் அதை நூற்கலாம்.

செட்டிநாட்டாருக்கோ விடை வீட்டருகிலேயே இருக்கிறது. அதுதான் காரைக்குடிக் கண்டாங்கி. ஒரு காலத்தில் பட்டிலும் நெய்யப்பட்ட இச்சேலை, இன்று பெரும்பாலும் பருத்தியில் கைத்தறியில் உருவாகிறது. அரக்கு, மஞ்சள், கறுப்பு என அழுத்தமான நிறங்களும், கட்டங்களும், அகன்ற கரையும் இதன் அடையாளங்கள். 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. வெயிலுக்கு இதம், துவைக்க எளிது, உழைத்து நெய்தவருக்கும் வாழ்வு.

பாட்டியர் பேணிய பழம்பட்டை எறிய வேண்டியதில்லை. அதைப் பக்தியோடு பாதுகாக்கலாம். ஆனால், அடுத்த நேர்த்திக்கடனுக்குப் புதுச்சேலை எடுக்கும்போது, கண்டாங்கி ஒன்றை அம்மனுக்குச் சாத்தலாமே! எல்லா உயிருக்கும் தாயானவள் அதை உவந்து ஏற்பாள்.