ஹார்வி என்னும் பெயர் வந்த வழி

மதுரை மாநகரின் தென்மேற்கே, திருநகரை அடுத்து ஹார்விபட்டி என்றோர் ஊர் உளது. பாண்டி நாட்டில் பட்டிகள் பல. மரத்தின் பெயரால், தெய்வத்தின் பெயரால், தலைவர் பெயரால் அமைந்தவை அவை. ஆனால் இப்பட்டியின் முன் நிற்பதோ ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர். நூலோடும் தறியோடும் உறவுடைய அப்பெயரின் வரலாற்றை நம் சங்கத்து அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் சகோதரர் இருவர் தென்பாண்டிச் சீமையின் பருத்தியை நம்பி நூற்பாலைத் தொழிலில் இறங்கினர். 1892-ம் ஆண்டில் அவர்களது மதுரை ஆலை இயங்கத் தொடங்கிற்று. கரிசல் நிலத்து உழவர் விளைத்த பருத்தி அங்கே நூலாயிற்று. சட்டப்படி அதன் பெயர் மதுரை மில்ஸ். மக்கள் வாயில் வழங்கியதோ 'ஆர்வி மில்' என்பதே. 1974-ல் அது மதுரா கோட்ஸ் ஆயிற்று. இங்கே 'கோட்ஸ்' என்பது மேற்சட்டையைக் குறிப்பதன்று. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் தையல் நூல் செய்து புகழ் பெற்ற ஒரு குடும்பத்தின் பெயரேயாகும்.

ஹார்வி என்பது பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. பிரான்சின் வடமேற்கு முனையிலுள்ள பிரிட்டனி நாட்டு மொழியில் 'போருக்குத் தக்கவன்' என்று பொருள்படும் ஆட்பெயர் அது. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபோது, அவர் படையுடன் வந்த பிரிட்டனி வீரர்கள் இப்பெயரைக் கொண்டு சென்றனர். 1086-ம் ஆண்டின் நிலக்கணக்கு ஏட்டிலேயே அது காணப்படுகிறது. பின்னர் தந்தையின் பெயர் மகனுக்கும் பேரனுக்கும் நிலைத்துக் குடும்பப் பெயராயிற்று. குருதி உடலில் சுற்றியோடுவதை 1628-ல் நூலெழுதி நிறுவிய வில்லியம் ஹார்வியும் இப்பெயருடையவரே. இன்று ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலெல்லாம் இப்பெயரினர் பரவியுள்ளனர்.

தறியும் ஆங்கிலேயருக்குப் பெயர் தந்ததுண்டு. வெப், வெப்ஸ்டர், வீவர் ஆகிய மூன்றும் 'நெசவாளர்' என்றே பொருள்படும். 1828-ல் அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் முன்னோர் ஒருவர் தறியில் அமர்ந்தவராதல் வேண்டும் என்பதை அப்பெயரே காட்டுகிறது. வாக்கர் என்பது கம்பளித் துணியை நீரில் மிதித்துத் தடிப்பாக்கியவரின் பெயர். டையர் என்பது சாயமிட்டவரின் பெயர். தொழில் கைவிட்டுப் போனபின்னும் பெயர் நின்றது.

நம்மிடையே வழக்கம் வேறு. தந்தை பெயரின் முதலெழுத்து மகனுக்கு முன்னெழுத்தாகும். பேரனுக்கோ அதுவும் மாறும். மதுரையில் நெசவுக்குப் பேர்போன சௌராஷ்டிரரிடம் தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயர்கள் உண்டு. இந்நகரிற் பிறந்த பாடகர் டி. எம். சௌந்தரராஜனின் முதலெழுத்து, 'தொகுளுவா' என்னும் குடும்பப் பெயரைக் குறிப்பதே.

எவ்வழக்கம் சிறந்தது என்று வழக்காடுவது நம் நோக்கமன்று. குடும்பப் பெயரில்லாதார் பதிவேட்டில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும் என்பதே நாம் சொல்ல விரும்புவது. ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் உடைய அங்கத்தினர் இருவர் ஒரு சங்கத்தில் இருத்தல் அரிதன்று. தந்தையின் பங்குத் தொகையையும் சிக்கனச் சேமிப்பையும் பெற வரும் மகனின் முன்னெழுத்து வேறாயிருக்கும். உறவை நிலைநாட்டச் சான்றிதழ் தேடி அவன் அலைய நேரும். விதவையான மனைவியின் நிலை இன்னும் கடினம்.

ஆதலால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தந்தை பெயரையும் முழுமையாக எழுதுவித்து, வாரிசு நியமனத்தையும் இப்போதே பதிவு செய்துவிடுக. ஆலை முதலாளியின் பெயர் ஓர் ஊராய் நிலைத்தது. உழைத்துச் சேர்த்தவனின் பெயர் தன் சங்கத்து ஏட்டிலேனும் பிழையின்றி நிலைத்தல் வேண்டாமா?