வயதை மட்டுமல்ல, வலிமையையும் அளக்க வேண்டும்

புதுதில்லி: எழுபது வயதை எட்டிய அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்க, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தியது. அறுவைச் சிகிச்சைச் செலவுக்கு வழி பிறந்தது. அதைத் தாங்க உடலில் வலு உள்ளதா என்பதே அடுத்த கேள்வி.

காரணமின்றி எடை குறைதல், கைப்பிடி வலுவிழத்தல், நடை தளர்தல், சோர்வு, நடமாட்டக் குறைவு ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அது உடல் தளர்ச்சி என 2001-ல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடு குழுவினர் வரையறுத்தனர். இத்தகையோருக்கு அறுவைக்குப் பின் சிக்கல்கள் அதிகம் என 2010-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்களின் ஆய்வு காட்டியது.

இதை அறியப் பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. கைப்பிடி வலுவை அளக்கும் சிறு கருவி, கடிகாரம், சில கேள்விகள் போதும். சிகிச்சையை மறுப்பதல்ல நோக்கம். சத்துணவாலும் பயிற்சியாலும் முதியவரைத் தேற்றுவதும், அபாயத்தை அவரிடம் முன்கூட்டியே கூறுவதுமே. காப்பீட்டு அட்டையுடன் இந்த எளிய பரிசோதனையும் அவரைச் சென்றடைய வேண்டும்.