கற்றாழையில் கசப்பு கூடினால் மருந்து கூடுமா?

சோற்றுக்கற்றாழை மடலை அறுத்ததும் முதலில் வடிவது மஞ்சள் பால். தோலுக்குச் சற்று உள்ளே, சாறு கடத்தும் குழாய்களை ஒட்டிய செல்களில் அது தேங்கியிருக்கிறது. அதன் கடுங்கசப்புக்கு முக்கியக் காரணம் அலோயின் என்ற ஆந்த்ரகுயினோன் வகைச் சேர்மம். அந்தப் பாலை உலர்த்தினால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கரியபோளம். நடுவிலுள்ள சோறோ முற்றிலும் வேறு. ஏறத்தாழ 99 சதவீதம் நீர். மீதியில் பேர்பெற்றது அசிமன்னான் என்ற கூட்டுச் சர்க்கரை. ஹார்மோன் கொடுத்தால் கற்றாழையின் மருத்துவ குணம் பெருகும் என்போர் இரண்டில் எதைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

ஏனென்றால் இந்த ஹார்மோன்கள் செடியின் தற்காப்புக்கானவை. புழு கடித்தாலோ மடல் கிழிந்தாலோ செடிக்குள் ஜாஸ்மோனிக் அமிலம் உருவாகிறது. அதன் நெருங்கிய உறவான மெத்தில் ஜாஸ்மோனேட்டை 1962-இல் மல்லிகை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தற்காப்பு மரபணுக்களை மற்ற நாட்களில் சில புரதங்கள் அடக்கி வைத்திருக்கும்; ஜாஸ்மோனிக் அமிலம் கூடியதும் அப்புரதங்கள் சிதைந்து, மரபணுக்கள் செயல்படத் தொடங்கும். கிருமி தாக்கினால் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் முன்நிற்கிறது. ஆய்வகத்தில் வளர்த்த கற்றாழை வேர்களுக்கு இதைக் கொடுத்தபோது அலோ-எமோடின், கிரைசோபனால் இரண்டும் பெருகின. இரண்டுமே ஆந்த்ரகுயினோன்கள். அதாவது கூடியது கசப்பின் குடும்பம்.

அந்தக் குடும்பம் எச்சரிக்கையோடு கையாள வேண்டிய ஒன்று. அலோயின் கடுமையான பேதி மருந்து. கற்றாழைப் பேதி மருந்துகளின் பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க அரசு 2002-இல் அவற்றைக் கடைகளிலிருந்து விலக்கியது. வடிகட்டாத முழுமடல் சாற்றை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருட்களின் வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. எலிகளிடம் நடந்த சோதனையே அதற்கு முக்கிய ஆதாரம். அதனால்தான் சாறு தயாரிப்பவர்கள் கரித்தூள் கொண்டு அலோயினை நீக்குகிறார்கள். சாற்றுக்காகப் பயிரிடுபவர் தற்காப்பு ஹார்மோன் தெளித்து அலோயினைக் கூட்டினால், ஆலை நீக்கப்போகும் பொருளுக்குத்தான் அவர் செலவழிக்கிறார்.

யூ மரச் செல்களுக்கு மெத்தில் ஜாஸ்மோனேட் கொடுத்து, புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செலைப் பெருக்கவில்லையா என்று கேட்கலாம். பெருக்கியது உண்மை, பெரிய வெற்றியும்கூட. ஆனால் அங்கே செல்கள் வளர்வது தொட்டியில், வேண்டியதும் ஒரே ஒரு சேர்மம். வயலில் மடலின் எடைக்குத்தான் விலை; ஜாஸ்மோனேட் மிகுந்தால் செடி தற்காப்புக்குச் செலவிட்டு வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். ஹார்மோனே வேண்டாம், தண்ணீரைக் குறைத்தால் போதும் என்பாரும் உண்டு. வறட்சியில் செடியின் சொந்த ஹார்மோனான அப்சிசிக் அமிலம் கூடி இலைத்துளைகள் மூடும், நீர் மிஞ்சும். ஆனால் கற்றாழை ஏற்கெனவே இரவில்தான் துளைகளைத் திறக்கிற சிக்கனக்காரச் செடி. வறட்சி நீண்டால் சோறு வற்றி மடல் மெலியும்.

கரியபோளத்துக்காக வளர்ப்பவருக்கு இந்த ஆய்வுகள் நிச்சயம் பயன் தரும். மற்றவர்களுக்கு எந்த ஹார்மோனையும் பரிந்துரைக்கும் முன், அறுவடை மடலின் தோலையும் சோற்றையும் தனித்தனியே சோதித்து, அலோயின் அளவு, அசிமன்னான் அளவு, மடல் எடை மூன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.