ஊசிக்குள் என்ன இருந்தது?

சசி கபூர் ஒரே ஒரு கதையில்தான் துப்பறிவாளர் ஃபெலுடாவாக நடித்தார். ‘கிஸ்ஸா காட்மாண்டு கா’ என்ற அந்த இந்தித் தொடரை 1986இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. சில வாரங்களில் கதை முடிந்தது. இன்னொரு ஃபெலுடா கதையில் அவர் நடிக்கவே இல்லை. வங்காளத்தில் அந்தத் தொடரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் குறைதான் சொல்வார்கள். ஓசூரை ஒட்டிக் கர்நாடக எல்லையிலிருக்கும் ஜூஜுவாடியில் மருந்துக்கடை நடத்தும் எனக்கோ, தொலைக்காட்சியில் வந்த குற்றக் கதைகளிலேயே அதுதான் முக்கியமானது. அதில் ஆளைக் கொல்வது கத்தி மட்டுமல்ல, மருந்துப் புட்டியும்தான்.

கதை சத்யஜித் ராய் எழுதியது. உலகத்துக்கு அவர் சினிமா இயக்குநர். வங்காளத்துப் பிள்ளைகளுக்கோ முதலில் கதை எழுதுகிறவர். அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கிய ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் பத்திரிகை நின்றுபோயிருந்தது. 1961இல் நண்பர் சுபாஷ் முகோபாத்யாயுடன் சேர்ந்து ராய் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். அந்தப் பத்திரிகைக்கு எழுதப்போய் 1965இல் பிறந்தவர்தான் ஃபெலுடா. உயரமான, ஒல்லியான இளைஞர். சார்மினார் சிகரெட் பிடிப்பார். துப்பாக்கியைவிட மூளையை நம்புவார். கூடவே கதையைச் சொல்லும் சித்தப்பா மகன் தோப்ஷே. மூன்றாவதாக ஜடாயு என்ற புனைபெயரில் விறுவிறுப்பான நாவல்களை எழுதித் தள்ளும் லால்மோகன் கங்குலி. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு கடைகளில் மாத நாவல்கள் தொங்கிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு ஜடாயுவை உடனே பிடித்துப்போகும். தப்பும் தவறுமான தகவல்களோடு எழுதுவார், ஆனால் மனசு தங்கம்.

இந்த வரிசையில் 1980இல் வந்த நாவல்தான் காட்மாண்டு கதை. நேபாளத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்த ஒருவர் கொல்லப்படுகிறார். ஆயுதம் குக்ரி, அதாவது கூர்க்காக்கள் இடுப்பில் வைத்திருக்கும் வளைந்த கத்தி. நூல் பிடித்துக்கொண்டு போனால் காட்மாண்டுவில் இன்னொரு சாவு. அந்த மனிதருக்குக் காயம் பட்டது, ஊசியும் போட்டார்கள், ஆனாலும் டெட்டனஸ் வந்து இறந்துபோனார். ஊசி போட்டும் ஏன் இறந்தார் என்று அவருடைய நண்பர் கேட்கிறார். கதை முழுவதும் அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. இந்தியாவிலிருந்து எல்லை தாண்டிப் போகும் போலி மருந்து வியாபாரம் மெல்லத் தெரியவருகிறது. பின்னால் நிற்பவன் மகன்லால் மேக்ராஜ்: பருத்த உடம்பு, இனிமையான பேச்சு, கை நிறையப் பணம்.

தொடர் வந்தபோது சிறுவனாக இருந்த எனக்கு இந்தி தெரியாது. ஓசூரில் அப்போது பல வீடுகளில் ஆன்டெனா பெங்களூரைப் பார்த்தபடி நிற்கும். முப்பது நாற்பது கிலோமீட்டர்தானே! கன்னட நிகழ்ச்சி முடிந்து டெல்லி நிகழ்ச்சி தொடங்கியதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். நாங்கள் டி.வி. பார்க்கப் போன வீட்டில் உருது பேசும் பெரியவர் ஒருவர் இருந்தார். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் மட்டும் எங்களை உட்காரவைத்து, “இருடா, இந்த ஆளு இப்ப என்ன சொல்றான்னா...” என்று வரிக்கு வரி சொல்லுவார். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, நடுவில் கன்னடம். எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படித்தான். ஜடாயுவின் டீயில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைக் கலந்து கொடுத்து, அவர் கண்ணுக்கு உலகமே வேறு மாதிரி தெரிகிற இடத்தில் நாங்கள் சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை. “வெளையாட்டு இல்லடா, ஒருத்தன் வாய்க்குள்ள போறதுல கலக்குறான் பாரு, அவன் எதுக்கும் துணிஞ்சவன்” என்றார். அதைவிடச் சரியாக மகன்லாலை எடைபோட்ட விமர்சனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை.

மகன்லாலாக நடித்தவர் உத்பல் தத். 1979இல் ராயே இயக்கிய ‘ஜொய் பாபா ஃபெலுநாத்’ படத்திலும் அவர்தான் மகன்லால். காசியில் நடக்கும் அந்தக் கதையில் ஜடாயுவைப் பலகையில் நிற்கவைத்து, சுற்றிலும் கத்தி வீசச் சொல்லி வேடிக்கை பார்ப்பான். காட்மாண்டுவில் கத்தி கிடையாது, டீக் கோப்பைதான். அதே கொடுமை இன்னும் சத்தமில்லாமல் நடக்கிறது. போலி மருந்து வியாபாரிக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை எழுத முடியாது.

தொடரை இயக்கியவர் ராயின் மகன் சந்தீப் ராய். 1983இல் மாரடைப்பு வந்த பிறகு ராயால் முன்போல வெளியே போய்ப் படம் எடுக்க முடியவில்லை. தூர்தர்ஷனுக்காக ‘சத்யஜித் ராய் ப்ரெசென்ட்ஸ்’ என்ற வரிசையை மகன் இயக்கினார், காட்மாண்டு கதை அதில் ஒரு பகுதி. தோப்ஷேயாக வந்த அலங்கார் ஜோஷி, ‘தீவார்’ படத்தில் சின்ன வயது அமிதாபாக நடித்த பையன். ஜடாயுவாக மோகன் அகாஷே. அவர் உண்மையிலேயே மனநல மருத்துவர். எல்.எஸ்.டி. உள்ளே போனவரின் தடுமாற்றத்தை மனநல மருத்துவர் ஒருவர் நடித்துக்காட்டினார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வங்காளிகளின் குறை சசி கபூர்மேல். அவர்கள் மனதில் ஃபெலுடா என்றால் சௌமித்ர சட்டர்ஜி. 1974இல் ‘சோனார் கெல்லா’, பிறகு காசிக் கதை, இரண்டிலும் அவர்தான். சசி கபூருக்கோ அப்போது வயது நாற்பத்தெட்டு, உடம்பும் போட்டிருந்தது. புத்தகத்தில் இருக்கிற ஆள் இவர் இல்லைதான். நம்மிடமும் இது உண்டு. சுஜாதாவின் கணேஷை மனதில் வரைந்து வைத்திருந்தவர்களுக்கு, 1978இல் ‘பிரியா’ படத்தில் ரஜினி கணேஷாக வந்தபோது என்ன தோன்றியிருக்கும்! நாவலை நேசித்தவர்களுக்குத் திரையில் யார் வந்தாலும் ஒரு குறை இருக்கும். ஆனால் சௌமித்ரவின் பெயரைக்கூடக் கேள்விப்படாத எங்களுக்கு சசி கபூர்தான் ஃபெலுடா. அவசரப்படாத பேச்சு, எதிரில் இருப்பவரை முழுக்கக் கேட்டு முடிக்கும் பொறுமை. இன்றும் அவரிடம் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

எப்படியோ, இந்தி ஃபெலுடா தொடரவில்லை. பத்து வருடம் கழித்து, 1996இல், வங்காளித் தொலைக்காட்சிக்காக சந்தீப் ராய் மறுபடி ஃபெலுடாவைத் தொட்டபோது சப்யசாச்சி சக்ரவர்த்தி அந்தப் பாத்திரத்துக்கு வந்தார், நிலைத்தும்விட்டார்.

கதைக்குள் இருக்கும் குற்றத்துக்கு வருகிறேன். என் கடையில் அதை நான் தினமும் நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் சிப்காட் கம்பெனிகள். பிரஸ் ஷாப்பில் தகடு கிழித்த கை, துருப்பிடித்த ஆணி ஏறிய கால் என்று கிளினிக் சீட்டோடு வருவார்கள். “அண்ணா, டி.டி. ஊசி ஒண்ணு குடுங்க” என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். பீகார், ஒடிசாப் பையன்கள் “பையா” என்று கூப்பிட்டுச் சீட்டை நீட்டுவார்கள். நான் ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுப்பேன். இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் வைக்கவேண்டிய மருந்து அது. சூடும் ஆகாது, உறையவும் கூடாது. உறைந்து மறுபடி உருகிய டெட்டனஸ் தடுப்பு மருந்தைக் குலுக்கி வைத்தால் திப்பி திப்பியாக அடியில் சீக்கிரம் படியும். அதற்குள் சக்தி போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் இது நல்ல மருந்து கெட்டுப்போகும் கதை. முதலிலிருந்தே மருந்து இல்லாத புட்டியைக் குலுக்கிப் பார்த்து மட்டும் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியாது.

ராய் டெட்டனஸைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் நுட்பம் இங்கேதான். காயம் பட்டதற்கும் தாடை இறுகுவதற்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், மூன்று வாரம்கூட ஆகலாம். அதற்குள் காலிப் புட்டி குப்பைக்குப் போயிருக்கும். இறந்தவரின் வீட்டில் விதி என்பார்கள். டாக்டர், காயம் ஆழம் என்பார். கொலைகாரனை யாரும் தேடவே மாட்டார்கள், ஏனென்றால் கொலை என்றே யாருக்கும் தோன்றாது. மற்ற துப்பறியும் கதைகளில் பிணம் கிடக்கும், யார் கொன்றது என்று தேடுவார்கள். இதில் இது கொலைதானா என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குற்றத்தைத் தொட்ட இன்னொரு பெரிய கதை கிரஹாம் கிரீன் எழுதிய ‘தி தேர்ட் மேன்’. 1949இல் கரோல் ரீட் இயக்கத்தில் படமாக வந்தது. போருக்குப் பிந்தைய வியன்னாவில் ஹாரி லைம் என்பவன் பென்சிலினில் கலப்படம் செய்து விற்கிறான். அதனால் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் சீரழிகிறார்கள். ஆர்சன் வெல்ஸ் அவனாக நடித்தார். ஆனால் பத்து வருடம் கழித்து அதே பெயரில் வந்த தொலைக்காட்சித் தொடர் ஹாரி லைமை நல்லவனாக, பிறர் சிக்கலைத் தீர்க்கும் நாயகனாக மாற்றிவிட்டது. 1965 வரை ஓடவும் செய்தது. மருந்தில் கலப்படம் செய்தவனை ரசிக்கத்தக்க ஆளாக்கிய அந்த வேலையை என்னால் மன்னிக்க முடியவில்லை. ராய் குழந்தைகளுக்குத்தான் எழுதினார், ஆனாலும் மகன்லாலுக்கு ஒரு இடத்திலும் சலுகை கொடுக்கவில்லை.

தொடர் வந்த அதே 1986இன் தொடக்கத்தில் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 நோயாளிகள் இறந்தார்கள். சிகிச்சைக்குக் கொடுத்த கிளிசரினில் டை எத்திலீன் கிளைகால் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது. அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நீதிபதி லென்டின் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். நாற்பது வருடம் ஆகப்போகும் நேரத்தில், 2025 அக்டோபரில், அதே ரசாயனத்தின் பெயரைச் செய்தியில் மறுபடி கேட்டோம். இந்த முறை மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது: கோல்ட்ரிஃப் இருமல் சிரப். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கத்தில் அதைக் குடித்த சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள். எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அந்த ரசாயனம் 48.6 சதவீதம் இருந்தது. கிட்டத்தட்டப் பாதி. அந்த எண்ணைப் படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காட்மாண்டுக் கதையில் வருவது போலி மருந்து, இது நச்சு கலந்த மருந்து. சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பிரிக்கிறது. 1940ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தை 2008இல் திருத்தி, இப்படிப்பட்ட மருந்தால் உயிர் போனால் குறைந்தது பத்து வருடச் சிறை, ஆயுள் தண்டனை வரை போகலாம் என்று கடுமையாக்கினார்கள். குழந்தையை இழந்த தாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

எல்லையில் இருப்பதால் எனக்கு இந்தக் கதை இன்னொரு விதத்திலும் நெருக்கம். ஜூஜுவாடி என்றாலே லாரிக்காரர்களுக்குச் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வரும். வணிகவரிச் சாவடியில் வரிசை கட்டி நின்ற லாரிகள் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு மறைந்தன. அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, வேறு மாநிலம், வேறு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சாராயப் பாக்கெட்டை மோப்பம் பிடித்துவிடலாம். மாத்திரை அட்டையை வண்டியை நிறுத்திப் பார்த்தாலும் என்ன தெரியும்? அச்சு அதே அச்சு, பளபளப்பு அதே பளபளப்பு. மகன்லால் நேபாள எல்லையை நம்பியதும் இதற்காகத்தான். மருந்தைப் பொறுத்தவரை சோதனைச்சாவடி என்பது ரசீதுதான். என்ன பேட்ச், எந்த மொத்த வியாபாரி, எந்தத் தேதி என்று எழுதியிருந்தால்தான் ஒரு புட்டியிலிருந்து ஆலை வரை திரும்பி நடக்க முடியும். எஸ்.ஆர்-13ஐப் பிடித்ததும் அப்படித்தானே! 2023 ஆகஸ்டு முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு கியூஆர் குறியீடு கட்டாயம். செல்போனில் காட்டிப் பார்த்தால் பேட்ச், தயாரித்த தேதி எல்லாம் வரும். கடைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் இதைச் செய்து காட்டுவேன். அவர்களுக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் மறக்கமாட்டார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஃபெலுடா கதைகளையும் கொடுக்கிறேன். வீ.பா.கணேசன் தமிழில் மொழிபெயர்த்து, பாரதி புத்தகாலயம் சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டிருக்கிறது. படித்துவிட்டு ஒரு பையன், “மகன்லாலு செத்துடுவானா அங்கிள்?” என்று கேட்டான். இல்லை என்றேன். காசியில் மாட்டியவன்தான் காட்மாண்டுவில் வந்தான், 1989இல் எழுதிய ஒரு ரோஜா நிற முத்தின் கதையிலும் மறுபடி வருவான். தூர்தர்ஷன் அந்தக் காட்மாண்டுத் தொடரைத் தூசி தட்டி எடுத்து, தமிழில் குரல் கொடுத்து, பள்ளிப் பிள்ளைகள் பார்க்கும் நேரத்தில் போடவேண்டும். மொழிபெயர்த்துச் சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு பாய் இருக்கமாட்டார்.