கடலடியில் சரித்திரம்: எஸ். ஆர். ராவின் வாழ்வும் பணியும்

மண்ணில் புதைந்த நகரத்தின் இடிபாடுகளில் பல நூற்றாண்டுகளின் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து கிடப்பது இயல்பு. கடலில் மூழ்கிய கப்பலின் நிலை வேறு. அதில் ஏற்றிய பண்டங்கள், பீரங்கிகள், மாலுமிகள் உண்ட பாத்திரங்கள் ஆகிய யாவும் ஒரே நாளில் நீரடியைச் சேர்கின்றன. ஒரு குறிப்பிட்ட காலத்தின் வாணிகத்தை அவை அப்படியே எடுத்துக்காட்டுகின்றன. இத்தகைய சான்றுகளை முறைப்படி ஆராயும் துறைக்குக் கடல்சார் தொல்பொருளியல் என்று பெயர். இந்தியாவில் இத்துறைக்கு அடிகோலியவர் ஷிகாரிபுர ரங்கநாத ராவ் ஆவார்.

மைசூரிலிருந்து லோத்தலுக்கு

ராவ் 1922-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி கர்நாடகத்தில் பிறந்தார். அக்ரஹாரம் முதலிய பழைய வட்டாரங்களைக் கொண்ட மைசூர் நகரம் கடலுக்கு வெகு தொலைவில் உள்ளது. அந்நகரின் சர்வகலாசாலையில் கல்வி பயின்றவரே பிற்காலத்தில் கடலடி ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அவர் முதலில் பரோடாவின் தொல்பொருள் இலாகாவிலும், பின்னர் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையிலும் பணியாற்றினார்.

1954-இல் குஜராத்தில் லோத்தல் என்னும் சிந்துவெளி நாகரிகக் குடியிருப்பை அவர் கண்டறிந்தார். அங்கே அகழ்ந்தபோது, சுமார் 215 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்ட, செங்கல்லால் கட்டிய பெருந்தொட்டி ஒன்று வெளிப்பட்டது. அது கப்பல்கள் வந்து தங்கிய துறை என்பது ராவின் முடிவு. பாசனக் குளமாக இருக்கலாம் என்று மறுத்தவர்களும் உண்டு. தொட்டியின் மண்ணில் கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகளும் உப்புப் படிகங்களும் காணப்பட்டமை ராவின் கருத்துக்கு ஆதரவாக எடுத்துரைக்கப்படுகிறது.

கடலடிப் பணி

துறைமுகம் இருந்ததென்றால் அதில் வந்து சென்ற கப்பல்கள் எங்கே? இந்த வினாவுக்கு விடை காணக் கடலுக்குள் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1981-இல், ஏறக்குறைய அறுபதாம் வயதை எட்டியிருந்த ராவின் முயற்சியால், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் ஆராய்ச்சி நிலையத்தில் கடல்சார் தொல்பொருளியல் பிரிவு தோன்றியது. துவாரகைக் கடலில் அவர் தலைமையில் நடந்த ஆய்வுகளில் கற்கட்டடப் பகுதிகளும், மூன்று துளைகளையுடைய முக்கோணக் கல் நங்கூரங்களும் கிடைத்தன. அவற்றின் காலம் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சார்ந்தது என்று ராவ் கருதினார். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் அவற்றுள் பெரும்பகுதி மிகவும் பிற்பட்டது என்று கொண்டனர். 1990-களின் தொடக்கத்தில் பூம்புகார்க் கடலிலும் ஆய்வு நிகழ்ந்தது.

ஆராயும் முறை

முதலில் கப்பலிலிருந்து ஒலி அலைகளை அனுப்பி, அவை எதிரொலித்து வருவதைக் கொண்டு கடலடியின் மேடுபள்ளங்களைப் படமாக்குகின்றனர். இரும்புப் பீரங்கி, நங்கூரம் முதலியன மணலில் மறைந்திருப்பினும் காந்தமானி அவற்றை உணர்த்திவிடும். பிறகே முக்குளிப்போர் இறங்குகின்றனர். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் உடலின்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. விரைவாக மேலேறினால், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் அது குமிழிகளாக வெளிப்பட்டு உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். ஆகவே முக்குளிப்போர் மெல்ல மெல்லவே மேலேறுவர். நீரடியில் தங்கும் நேரமும் அளவுக்கு உட்பட்டது. இக்காரணத்தால், தரையில் ஒரு நாளில் முடியும் வேலைக்குக் கடலில் பல நாட்கள் வேண்டும்.

பொருள்களைத் தொடுமுன் கயிற்றால் கட்டங்கள் அமைத்து, ஒவ்வொன்றும் கிடக்கும் இடத்தை அளந்து வரைபடத்தில் குறிக்கின்றனர். வெளியே தெரியும் மரத்தைக் கப்பற்புழு தின்றுவிடும். சேற்றில் புதைந்த மரமோ பிராணவாயு புகாமையால் நெடுங்காலம் நிலைக்கும்.

பொருள்கள் கூறும் செய்தி

பூம்புகாருக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் கண்ட கப்பலில் ஈயப் பாளங்கள் இருந்தன. அவற்றில் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பத்தின் பெயர். ஆகவே அக்கப்பல் 1792-க்கு முன் மூழ்கியிருக்க இயலாது.

கோவாவுக்கு அருகில் மூழ்கிய மற்றொரு கப்பலின் சுடுமண் சரக்கில் பேசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்ற ஆண்டும் காணப்பட்டன. 1865 என்பது அத்தொழிற்சாலை மங்களூரில் நிறுவப்பட்ட ஆண்டு. சரக்குச் செய்யப்பட்ட ஆண்டு அன்று. ஆகவே இத்தகைய முத்திரை காலத்தின் கீழெல்லையை மட்டுமே காட்டும். மேலெல்லையைப் பிற சான்றுகளைக் கொண்டே துணிய வேண்டும்.

காக்கும் கடமை

இவ்விளக்கங்கள் எல்லாம் பொருள்கள் கிடந்த இடத்திலேயே காணப்பட்டதால் கிடைத்தவை. இடம் அறியாமல் கரைக்கு வந்த ஈயப் பாளம் வெறும் உலோகமே. அன்றியும், நெடுநாள் உப்புநீரில் ஊறிய இரும்பைத் தக்க முறையில் உப்பு நீக்காது உலரவிட்டால் அது அடுக்கடுக்காக உதிர்ந்துவிடும். மரம் சுருங்கி வெடிக்கும். மட்பாண்டத்தின் மேற்பூச்சு பெயரும். கடல் பல நூற்றாண்டுகள் காத்துவைத்த பொருளை ஒரு கோடைகாலம் அழித்துவிடும்.

ஆகவே, வலையில் கல் நங்கூரமோ பழைய பாண்டமோ சிக்கியதாகச் செம்படவர் கூறினால், கடலோர மாவட்டங்களில் பணிபுரியும் அலுவலரும் ஆசிரியரும் அந்த இடத்தின் ஆழத்தையும், கரையிலிருந்து காணும் அடையாளங்களையும் குறித்துக்கொண்டு, தொல்பொருள் துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். மேலே வந்துவிட்ட பொருளை ஈரம் உலராமல் நீரில் இட்டு வைத்தல் நலம். 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழம்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவை என்பதையும் மக்களுக்கு எடுத்துரைக்கலாம்.

ராவ் 2013-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி தமது 90-ஆம் வயதில் காலமானார். அவருடைய முடிவுகளில் சில இன்றும் விவாதத்திற்குரியவை. ஆயினும், கடலடியிலும் சரித்திரம் உண்டு என்பதை எடுத்துக்காட்டி, அதனை ஆராயப் பயிற்சி பெற்ற ஒரு குழுவை நாட்டில் உருவாக்கிய பெருமை அவரைச் சார்ந்தது. 2001-இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையும் நீரடி ஆய்வுக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவியது.