சாப்பர் சைக்கிள்: போர்க்கை எவ்வளவு நீட்டலாம்?

“சார், அப்பாவின் பழைய சைக்கிளைச் சாப்பர் ஆக்கப் போகிறேன். முன் போர்க்கை எவ்வளவு நீட்டலாம்?”

இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வாசலில் நின்று இளங்கலை மாணவர் ஒருவர் இப்படிக் கேட்டார். கையில் ஒரு படம் வைத்திருந்தார். போர்க்கின் இரண்டு கால்களின் நுனியிலும் 30 செ.மீ. தண்ணீர்க் குழாயைச் சொருகி வெல்டிங் செய்வது அவரது திட்டம். படம் அழகாகவே இருந்தது. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தெருப் பையன் ஒருவனின் நினைவு வந்தது. அவனும் இதே முறையில்தான் சைக்கிளை நீட்டினான். இறக்கத்தில் வந்தபோது ஒரு வேகத்தடையில் போர்க் மடிந்தது. முன் பற்கள் மூன்றை இழந்தான். தாடை எலும்பு கூட ஒன்றரை மாதம் ஆயிற்று.

ஆகவே மாணவரிடம் உடனே ‘கூடாது’ என்று சொல்லிவிட மனம் வரவில்லை. ‘சரி’ என்று சொல்லவும் துணியவில்லை. “கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றேன். அந்தக் கணக்கை வாசகர்களோடும் பகிர்ந்துகொள்வது பயனுடையதாக இருக்கும்.

சாப்பர் பிறந்த கதை

‘சாப்பர்’ என்றால் வெட்டியது என்று பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இளைஞர்கள் கனமான மோட்டார் சைக்கிள்களில் வேண்டாத பாகங்களை வெட்டி எறிந்து, பின்னர் முன் போர்க்கை நீட்டிச் சாய்த்து ஓட்டினார்கள். 1969இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ திரைப்படம் அந்த வடிவத்தை உலகமெங்கும் பரப்பியது.

சைக்கிளிலும் இதே மோகம் புகுந்தது. கலிபோர்னியாச் சிறுவர்கள் சிறிய சைக்கிள்களில் உயரமான ஹாண்டில் பாரையும் வாழைப்பழம் போன்ற நீண்ட சீட்டையும் பொருத்தி ஓட்டுவதை அறிந்த ஷ்வின் கம்பெனியின் பொறியாளர் ஆல் ஃபிரிட்ஸ், 1963இல் ‘ஸ்டிங்ரே’ என்ற சைக்கிளை உருவாக்கினார். அதற்குப் போட்டியாக இங்கிலாந்தின் ராலே கம்பெனி ‘சாப்பர்’ என்ற பெயரிலேயே ஒரு சைக்கிளைக் கொண்டுவந்தது. முன்சக்கரம் 16 அங்குலம், பின்சக்கரம் 20 அங்குலம். ராலேயை 1960இல் வாங்கிய டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனந்தான், 1949இல் முருகப்பா குழுமத்துடன் சேர்ந்து சென்னை அம்பத்தூர்ச் சைக்கிள் தொழிற்சாலையைத் தொடங்கியது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

அந்த ராலே சாப்பரிலும் குறைகள் இருந்தன. ஓட்டுபவர் பின்சக்கரத்தின் மேலேயே அமர்ந்ததால், முன்சக்கரம் எளிதில் தூக்கிக்கொண்டது. 1972இல் வந்த இரண்டாம் வடிவத்தில் சீட்டை முன்னே நகர்த்த வேண்டியதாயிற்று. தொழிற்சாலைக்கே அந்த நிலை என்றால் வீட்டுக் கொல்லையில் வேலை செய்பவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

‘பின்தங்கல்’ என்பது என்ன?

உங்கள் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஹெட் பைப்பின் சாய்விலேயே ஒரு நூலை இழுத்துத் தரைவரை நீட்டுங்கள். நூல் தரையைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு முன் அச்சிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் இடத்தில் இன்னொரு புள்ளி வையுங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம் அது. இந்த இரண்டாம் புள்ளி முதல் புள்ளிக்குச் சில சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். இந்தத் தூரத்தை ஆங்கிலத்தில் ‘டிரெயில்’ என்பர். நாம் ‘பின்தங்கல்’ என்போம்.

மருத்துவமனைத் தள்ளுவண்டியின் சிறு சக்கரங்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டியைத் தள்ளியதும் அவை தாமாகவே திரும்பித் தம் சுழல் தண்டுக்குப் பின்னால் வந்துவிடும். சைக்கிளின் முன்சக்கரமும் அப்படியே. அது தன் சுழலச்சுக்குப் பின்தங்கி ஓடுவதால் நேர்த்திசைக்குத் தானே திரும்ப முயல்கிறது.

சைக்கிள் விழாமல் ஓடுவதற்குச் சக்கரத்தின் சுழற்சியே காரணம் என்று பலர் எண்ணுவதுண்டு. டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலார், யாராலும் ஓட்ட முடியாத சைக்கிள் ஒன்றைக் கட்ட முயன்று, அதன் விவரங்களை 1970இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் எழுதினார். முன்சக்கரத்தின் அருகே எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, சுழற்சியின் விளைவை ஏறக்குறைய நீக்கினார். அப்படியும் சைக்கிளை ஓட்ட முடிந்தது! ஆனால் முன்சக்கரத்தை நான்கு அங்குலம் முன்னே தள்ளிப் பின்தங்கலை இல்லாமற் செய்தபோதுதான் அவர் மிகவும் திண்டாடினார்.

பின்தங்கல் ஒன்றே எல்லாம் என்று கொள்ளவும் கூடாது. சுழற்சி விளைவும் பின்தங்கலும் இல்லாமலே, எடை பரவியிருக்கும் முறையால் மட்டும் நிமிர்ந்து ஓடும் ஒரு மாதிரி வண்டியை அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் 2011இல் செய்து காட்டினர். எனினும் நம்மைப்போல் வீட்டில் வேலை செய்பவர்களுக்கு நூலும் தூக்குக்குண்டும் கொண்டு அளக்கக்கூடிய அளவு இதுவே.

நீட்டினால் நேர்வது

மாணவரின் சைக்கிளை அளந்தோம். சக்கரத்தின் ஆரம் 35.5 செ.மீ. ஹெட் பைப் தரையோடு அமைக்கும் கோணம் 68 டிகிரி. போர்க்கின் நுனி முன்னோக்கி வளைந்துள்ள அளவு 7.5 செ.மீ. இரு அச்சுகளுக்கும் இடையே 110 செ.மீ. பின்தங்கலைக் காணும் வாய்பாடு இது:

பின்தங்கல் = (ஆரம் × கொசைன் கோணம் − முன்வளைவு) ÷ சைன் கோணம்

போர்க்கை நீட்டினால் சைக்கிளின் முன்புறம் உயர்கிறது. பிரேம் முழுவதும் பின் அச்சைச் சுற்றிப் பின்னோக்கிச் சாய்கிறது. ஆகவே கோணமும் குறைகிறது. கிடைத்த விடைகள்:

நீட்டாதபோது: கோணம் 68 டிகிரி, பின்தங்கல் 6 செ.மீ.
15 செ.மீ. நீட்டினால்: கோணம் 61 டிகிரி, பின்தங்கல் 11 செ.மீ.
30 செ.மீ. நீட்டினால்: கோணம் 55 டிகிரி, பின்தங்கல் 15½ செ.மீ.

“பின்தங்கல் கூடினால் நல்லதுதானே, சார்? நேராக ஓடுமே!” என்றார் மாணவர். வேகமாகச் செல்லும்போது அது உண்மையே. மெதுவாகச் செல்லும்போதுதான் தொல்லை. சாய்ந்த போர்க்கைக் கொண்ட சைக்கிளில் ஹாண்டில் பாரைத் திருப்பினால், சைக்கிளின் முன்புறம் சற்றுத் தாழ்கிறது. மேட்டில் வைத்த பந்து பள்ளத்தை நோக்கி உருள்வதுபோல, ஹாண்டில் பாரும் மேலும் மேலும் திரும்பித் தாழ்ந்த நிலையை அடையவே முயலும். இந்த இழுப்பு, பின்தங்கலைக் கோணத்தின் சைனாலும் கொசைனாலும் பெருக்கக் கிடைக்கும் அளவைப் பொறுத்தது. 30 செ.மீ. நீட்டினால் அது மூன்று மடங்குக்கு மேல் ஆகிறது. கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கைகள் இதோடு ஓயாமல் மல்லுக்கட்ட வேண்டும்.

திருப்பத்துக்கு இடமும் கூடுதலாக வேண்டும். ஹாண்டில் பாரை 20 டிகிரி திருப்பினால் முன்பு சுமார் 3¼ மீட்டர் ஆரத்தில் திரும்பிய சைக்கிள், இப்போது 4 மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பெடலும் ஏறக்குறைய 10 செ.மீ. உயர்ந்துவிடும். இதைத் தவிர்க்கவே தேர்ந்தவர்கள் ஹெட் பைப்பை வெட்டிச் சாய்த்து வைத்து, பிரேமைப் பழைய மட்டத்திலேயே நிறுத்துகிறார்கள்.

போர்க் ஏன் மடிகிறது?

எங்கள் தெருப் பையனின் பற்களைப் பறித்தது பின்தங்கல் அன்று, வளைவுத் திருப்புத்திறன்.

இயற்பியல் மாணவர்கள் யங் குணகம் காணும் சோதனையில், மேசையின் விளிம்பில் ஒரு சட்டத்தின் ஒரு முனையை இறுக்கி, மறுமுனையில் பளுவைத் தொங்கவிடுவார்கள். அதுவே வளைசட்டம். போர்க்கும் ஒரு வளைசட்டந்தான். மேல்முனை ஹெட் பைப்பில் இறுக்கப்பட்டுள்ளது. கீழ்முனையில் தரை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதன் மேல்முனையில் உண்டாகும் திருப்புத்திறன், பளுவையும் மேல்முனைக்கும் அச்சுக்கும் இடையே உள்ள கிடைத்தூரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். பழைய போர்க்கில் இந்தத் தூரம் 21 செ.மீ. 30 செ.மீ. நீட்டியபின் அது 45 செ.மீ. அதாவது இரண்டு மடங்குக்கு மேல். ஓட்டுபவர் பின்னே சாய்ந்து உட்காருவதால் முன்சக்கரத்தின் பளு ஓரளவு குறையும் என்பது உண்மையே. ஆயினும் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் நொடியில் பளு பன்மடங்காகிவிடும்.

தொய்வோ இன்னும் விரைவாகக் கூடுகிறது. வளைசட்டத்தின் இறக்கம் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது பாடம். 38 செ.மீ. கால் 68 செ.மீ. ஆனால், அதே விசைக்கு அது ஏறக்குறைய ஆறு மடங்கு தொய்யும்.

இப்போது நுனியில் குழாயைச் சொருகும் திட்டத்தைப் பாருங்கள். போர்க்கின் கால் மேலே பருத்தும் கீழே சிறுத்தும் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது அழகுக்காகச் செய்ததன்று. அச்சுக்கு அருகே திருப்புத்திறன் குறைவு. மேலே போகப் போக அது கூடுகிறது. அதற்கேற்பவே குழாயும் பருக்கிறது. நுனியில் 30 செ.மீ. குழாயைச் சேர்த்தால், மிக மெல்லிய அந்த நுனி அச்சிலிருந்து 30 செ.மீ. மேலே போய்விடும். முன்பு பருத்த பகுதி தாங்கிய சுமையை ஏறக்குறைய முழுவதும் இப்போது அது தாங்க வேண்டும். போதாக்குறைக்கு வெல்டிங்கின் சூடும் அங்கேதான் படுகிறது. எங்கள் தெருப் பையனின் போர்க் மடிந்ததும் சரியாக அந்த ஒட்டில்தான்.

கொல்லைப்புறப் பட்டறையில்

ஆகவே நீட்ட விரும்புவோர் நுனியில் ஒட்டுப்போடுவதை விட்டுவிட வேண்டும். மேலிருந்து அச்சுவரை ஒட்டில்லாத முழு நீள எஃகுக் குழாய்களால் புதிய கால்களையே செய்வது நல்லது. ஹெட் பைப்பின் மேலும் கீழும் இரண்டு இடங்களில் கால்களைப் பிடிக்கும் பட்டைகளை மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் அமைத்தால், சுமை ஒரே இடத்தில் குவியாமல் பகிரப்படும்.

சைக்கிள் குழாய்களின் சுவர் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமே இருக்கும். ஜன்னல் கம்பிகளை ஒட்டும் மின் வெல்டிங் இதில் எளிதாக ஓட்டை போட்டுவிடும். தேர்ந்த ஒருவரைக் கொண்டு பித்தளைப் பற்று வைப்பதே தக்கது. துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயைச் சூடாக்கினால் எழும் வெண்புகையைச் சுவாசித்தவர்களுக்குக் காய்ச்சல் வரும். அக்குழாயைத் தொடவே வேண்டாம். இரு முனையும் அடைபட்ட குழாயைச் சூடாக்கும் முன் சிறு துளை ஒன்று போட வேண்டும். 27 டிகிரி சென்டிகிரேடில் அடைபட்ட காற்று 900 டிகிரிக்கு ஏறினால் அதன் அழுத்தம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை வாயு விதிகளைப் படித்தவர்கள் உடனே கணக்கிடலாம்.

நம் ஊர்ச் சைக்கிளின் கம்பி பிரேக் நீட்டிய போர்க்கை எட்டாது. அதற்காக முன் பிரேக்கையே கழற்றிவிடுவோர் உண்டு. அது பெருந்தவறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுகிறது. நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. கேபிள் பிரேக் பொருத்தியே ஆக வேண்டும்.

ஓட்டும் முன் ஒரு சோதனை. நீங்கள் அமர்ந்திருக்கையில் முன்சக்கரத்தின்மேல் விழும் பளுவை எடை பார்க்கும் கருவியால் அளந்துகொள்ளுங்கள். 30 கிலோ என்றால், ஆள் ஏறாமல், முன்சக்கரத்தின்மேல் 90 கிலோ விழுமாறு மணல் மூட்டைகளைக் கட்டி ஒரு மணி நேரம் விடுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். மூட்டைகளை எடுத்தபின் பழைய அளவு திரும்பவில்லை என்றால் உலோகம் தன் மீட்சி எல்லையைக் கடந்துவிட்டது. அந்தப் போர்க்கை எறிந்துவிட வேண்டியதுதான். திரும்பினாலும் அது முதற் சான்றிதழ் மட்டுமே. திரும்பத் திரும்ப ஏற்படும் அதிர்ச்சியால் உலோகம் அயர்ந்து விரிசல் விடக்கூடும். மாதம் ஒருமுறை ஒட்டுகளில் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள்.

மாணவர் கடைசியில் 15 செ.மீ.யோடு நிறுத்திக்கொண்டார். புதிய கால்கள், இரண்டு பட்டைகள், கேபிள் பிரேக். எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆயிற்று. நூலும் தூக்குக்குண்டும் கொண்டு இருவரும் அளந்தோம். பின்தங்கல் 11 செ.மீ.க்கு ஒரு நூலளவு கூட. மணல் மூட்டைச் சோதனையிலும் தேறியது. கல்லூரி மைதானத்தில் முதன்முறை ஏறியவர், திருப்பத்தில் சற்றுத் தடுமாறி, பிறகு நேராகச் சென்றார். பிரதான சாலைக்குக் கொண்டுபோகமாட்டேன் என்று என்னிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நானும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகச் செல்லும்போது ஹாண்டில் பார் கையை இழுத்தது, கணக்கு சொன்னபடியேதான்.