ஜூனில் சீட் உண்டு, செப்டம்பரில் ஆள் இல்லை

2012ஆம் ஆண்டு ஜூலை மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்லூரியிலிருந்து பில் வருகிறது. சீட் எப்போதோ உறுதியாகிவிட்டது, உதவித்தொகையும் கணக்காகிவிட்டது. ஆனால் பில்லில் எதிர்பாராத ஒரு வரி: மருத்துவக் காப்பீடு. அந்த மாநிலத்தில் கல்லூரி மாணவருக்குக் காப்பீடு கட்டாயம் என்பதால் கல்லூரியே அந்தத் தொகையைப் பில்லில் ஏற்றிவிடும். வீட்டில் ஏற்கெனவே காப்பீடு இருந்தால் இணையத்தில் ஒரு படிவம் நிரப்பி அதை எடுத்துவிடலாம். ஆனால் அதைச் சொல்ல ஆள் வேண்டுமே! பள்ளி ஜூனிலேயே மூடிவிட்டது, வழிகாட்டி ஆசிரியர் விடுமுறையில் இருக்கிறார். கல்லூரியில் இன்னும் யாருடனும் பழக்கமில்லை. வீட்டிலும் கல்லூரிப் படி ஏறியவர் எவருமில்லை. ‘இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது’ என்று அவள் கடை வேலைக்குப் போய்விடுகிறாள்.

இப்படி நழுவிப்போவதை அமெரிக்க ஆய்வாளர்கள் ‘சம்மர் மெல்ட்’ என்கிறார்கள். கோடையில் பனி உருகுவதுபோல் சேர்க்கைப் பட்டியல் கரைவது. பெஞ்சமின் காசில்மேன், லிண்ட்சே பேஜ் இருவரும் இதைப் பற்றி 2014இல் ஒரு நூலே எழுதினார்கள். கணக்கெடுத்த முறை எளிமையானது. பள்ளியை விட்டுப் போகும்போது ‘எந்தக் கல்லூரியில் சேரப்போகிறாய்’ என்று கேட்டு வாங்கிய பட்டியலை, நாடு தழுவிய சேர்க்கைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சேரப்போவதாகச் சொன்னவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் அந்த ஆண்டு எங்கும் சேரவில்லை. ஏழை மாணவர்கள் மிகுந்த சில இடங்களில் இது 40 சதவீதம் வரை போனது. இவர்கள் மதிப்பெண் இல்லாதவர்கள் அல்ல, படிக்க விருப்பமில்லாதவர்களும் அல்ல.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று மே மாத வெயிலில் இ-சேவை மையத்தில் வரிசை நின்ற நம்மூர்ப் பெற்றோருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமிருக்காது.

அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் வாசல் ‘ஃபாஃப்சா’ என்ற மத்திய அரசின் நிதியுதவிப் படிவம். அப்போது அதில் நூறுக்கும் மேல் கேள்விகள். யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்களையே அது மிரட்டியது. 2008இல் எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் டெரி லாங் உள்ளிட்ட நான்கு பேர் ஒரு சோதனை செய்தார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய ‘எச் அண்ட் ஆர் பிளாக்’ அலுவலகத்துக்கு வரும் குறைந்த வருமானக் குடும்பங்களிடம், ‘உங்கள் விவரமெல்லாம் இங்கேயே இருக்கிறது, அந்தப் படிவத்தையும் நிரப்பித் தரட்டுமா’ என்று கேட்கச் சொன்னார்கள். வேலை பத்து நிமிடம்தான். அப்படி உதவி கிடைத்த வீடுகளில், பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர்கள் 36 சதவீதம், உதவி கிடைக்காத வீடுகளில் 28. இன்னொரு குழுவுக்கு ‘உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்’ என்ற தகவல் மட்டும் தரப்பட்டது. அதனால் ஒரு மாற்றமும் இல்லை. விழிப்புணர்வு முகாம் நடத்துவதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

சம்மர் மெல்ட்டைத் தடுக்கக் காசில்மேனும் பேஜும் கைபேசிக் குறுஞ்செய்தியை எடுத்துக்கொண்டார்கள். 2012 கோடையில் சில நகரங்களில் மாணவர்களுக்குப் பத்துச் செய்திகள்வரை போயின: விடுதிப் படிவத்துக்குக் கடைசி நாள் இது, நுழைவுநிலைத் தேர்வு அன்று, சந்தேகமிருந்தால் பதில் போடு, வழிகாட்டி பேசுவார். ஆளுக்குச் செலவு ஏழு டாலர் அளவில். மாசசூசெட்ஸின் லாரன்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு நகரங்களில் கல்லூரியில் சேர்ந்தவர்கள் 63 சதவீதத்திலிருந்து 70க்கு மேல் ஏறினார்கள்.

இவ்வளவு மலிவான மருந்து கிடைத்தால் யார் விடுவார்கள்? எட்டு லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு இதேபோல் நினைவூட்டல்களை அனுப்பிப் பார்த்தார்கள். பலன் இல்லை. அந்தத் தோல்வியை 2019இல் எழுதியவர்களில் காசில்மேனும் ஒருவர் என்பது அவருடைய நேர்மை. என் கணிப்பு இது: முதல் சோதனையில் செய்திக்குப் பின்னால் உள்ளூரில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். பெரிய அளவுக்குப் போனபோது செய்தி எங்கிருந்தோ வந்த பொது அறிவிப்பாகிவிட்டது. அப்படி வரும் அறிவிப்புகளை நாம் என்ன செய்கிறோம்?

எனக்கு மிகப் பிடித்த சோதனை மிச்சிகனில் நடந்தது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில்கூடப் பெரும்பாலோர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. ‘அது நமக்கான இடமில்லை’ என்ற எண்ணம். 2015இல் சூசன் டைனார்ஸ்கியின் குழுவினர் அப்படிப்பட்டவர்களுக்குப் பெயர் போட்டுக் கடிதம் அனுப்பினார்கள்: இடம் கிடைத்தால் நான்கு ஆண்டுக்கும் படிப்புக் கட்டணம் இல்லை, அதற்கு எந்த வருமானப் படிவமும் நிரப்ப வேண்டாம். பெற்றோருக்கும் பள்ளி முதல்வருக்கும் தனித்தனியே தகவல் போனது. கடிதம் வந்தவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், வராதவர்களில் 26. கடிதம் வந்தவர்களில் சேர்ந்தவர்கள் 27 சதவீதம், வராதவர்களில் 12.

இதில் புதுப் பணம் ஏறக்குறைய இல்லை. கடிதம் வராதவர்களும் விண்ணப்பித்து, படிவம் நிரப்பி, சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இதே சலுகை கிடைத்திருக்கும். ‘கிடைக்கலாம்’ என்று இருந்தது ‘கிடைக்கும்’ என்று ஆனது, அதுவும் முன்கூட்டியே.

ஃபாஃப்சாவைச் சுருக்க 2020இல் சட்டம் வந்தது. நூறுக்கு மேற்பட்ட கேள்விகள் 36 அளவுக்கு இறங்கின. ஆனால் வழக்கமாக அக்டோபரில் திறக்கும் படிவம் 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளால் தொடக்கத்தில் படிவத்தை முடிக்கவே முடியவில்லை. விவரங்கள் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கியதே மார்ச்சில். எங்கே சேர்வது என்று மே 1க்குள் சொல்ல வேண்டிய மாணவர்கள் பலர், கையில் எவ்வளவு உதவி வரும் என்று தெரியாமலே நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.